இணையம் இல்லாத பள்ளிக்கு ஒரு பெட்டி: கொலிப்ரியும் ராஸ்பெர்ரி பையும் எப்படி?

கணினி படிக்கும் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் குழுவாகக் கிளம்பி ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிகளுக்குப் போவது பல வருடங்களாக நடந்துவருகிறது. எட்டு வாரம், பத்து வாரம் தங்குவார்கள். அவர்கள் பையில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் கொலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டிருப்பார்கள். மின்சாரம் கொடுத்ததும் அது ஒரு வைஃபையைப் பரப்பும். பிள்ளைகள் டேப்லெட்டிலோ ஃபோனிலோ அதில் இணைந்தால் இணையமே இல்லாமல் பாட வீடியோ, கதைப் புத்தகம், கணக்குப் பயிற்சி எல்லாம் கிடைக்கும்.

இந்த மதிப்பீடு அந்தப் பெட்டியைப் பற்றியது. தான்சானியாவின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளியை மனதில் வைத்துப் பார்த்திருக்கிறோம். பெட்டி வேலை செய்கிறதா என்பது சின்னக் கேள்வி, செய்கிறது. மாணவர்கள் விமானம் ஏறிப் போன பிறகு வரும் பதினோராவது வாரத்திலும் ஓடுமா என்பதுதான் வாங்குகிறவர் கேட்க வேண்டியது. கீழே உள்ள ஒவ்வொன்றையும் அந்த ஒரு அளவுகோலால் அளந்திருக்கிறோம்.

முதலில் மென்பொருள். கொலிப்ரிக்கு முன்னோடி கேஏ லைட். சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள், இலவச இணையப் பாடத்தளமான கான் அகாடமியின் பாடங்களை இணையமில்லாத இடங்களுக்குக் கொண்டுபோக எழுதிய மென்பொருள் அது. 2012 டிசம்பரில் வெளியானது. அந்தக் குழுவே பிறகு லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற லாப நோக்கமற்ற அமைப்பாக மாறி, கான் அகாடமியோடு நிற்காமல் பல மூலங்களின் பாடங்களையும் ஏற்றும் கொலிப்ரியை உருவாக்கியது. மென்பொருளுக்கும் பாடங்களுக்கும் கட்டணம் இல்லை. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். ராஸ்பெர்ரி பைக்கென்றே தயாராக ஒரு இமேஜ் ஃபைல், அதாவது இயக்க மென்பொருளும் கொலிப்ரியும் சேர்ந்த முழு நகல், இருக்கிறது. அதை மெமரி கார்டில் எழுதிச் செருகினால் போதும். பெட்டி "கொலிப்ரி" என்ற பெயரில் பாஸ்வேர்டு கேட்காத ஹாட்ஸ்பாட்டை உருவாக்கிவிடும். பிரவுசரில் 10.10.10.10 என்று அடித்தால் பாடசாலை திறக்கும்.

பாடங்கள் "சேனல்" என்ற கட்டுகளாக வருகின்றன. எது வேண்டுமோ அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு சேனலுக்குள்ளேயே ஆறாம் வகுப்புப் பின்னங்கள் மட்டும் போதும் என்றால் அதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று இறக்கும் முன்பே காட்டிவிடுகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் சோதனைகள், தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக், பெங்களூரின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் எல்லாம் இதில் உண்டு. ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளைப் புரட்டிய வாசகர்களுக்கு அது பழகிய இடமாக இருக்கும்.

ஆசிரியருக்கான பகுதிதான் இதன் பலம். வகுப்பைச் சேர்க்கலாம், வகுப்புக்குள் குழு பிரிக்கலாம், "இந்த வாரம் இந்த மூன்று வீடியோ, இந்த ஒரு பயிற்சி" என்று பாடம் ஒதுக்கலாம், தேர்வு வைக்கலாம். எந்தப் பிள்ளை எந்தக் கேள்வியில் எத்தனை முறை தடுக்கி விழுந்தது என்பது வரை ஆசிரியர் திரையில் தெரியும். பயிற்சியில் தேர்ச்சி என்பது எண்ணிக்கைதான்: கடைசி ஐந்தில் மூன்று சரி, பத்துக்குப் பத்து சரி என்று பயிற்சிக்குப் பயிற்சி வேறுபடும். இதைப் பயிற்சி நாளிலேயே ஆசிரியருக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளை ஏன் முன்னே போகவில்லை என்று குழம்புவார்.

பயனர்களை மூன்று படியாகப் பார்க்கலாம்: மாணவர், பயிற்சியாளர் (அதாவது ஆசிரியர்), நிர்வாகி. இவர்களுக்கு மேலே, பெட்டி முழுவதையும் ஆளும் முதன்மை நிர்வாகி ஒருவர். இந்த முதன்மைக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் பல பெட்டிகளின் ஆயுள் அடங்கியிருக்கிறது. மாணவர் குழு முதல் நாள் அவசரத்தில் தங்கள் பெயரில் உருவாக்கும், பாஸ்வேர்டைத் தங்கள் லேப்டாப்பில் சேமிக்கும், ஊருக்குப் போய்விடும். ஜனவரியில் புது வகுப்பு வரும்போது பழைய பிள்ளைகளை நீக்கிப் புதியவர்களைச் சேர்க்கப் பள்ளியில் யாராலும் முடியாது. மீட்க வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டளை வரி தெரிந்த ஆள் வேண்டும். முதல் நாளே முதன்மைக் கணக்கைப் பொறுப்பாசிரியர் பெயரில், அவரே தட்டச்சு செய்யும்படி உருவாக்குங்கள். மாணவர் குழுவுக்கு இரண்டாவது கணக்கு போதும்.

சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாஸ்வேர்டு கேட்காத அமைப்பு இருக்கிறது. பெயரைத் தட்டினால் உள்ளே போகலாம். முப்பது பிள்ளைகள் பாஸ்வேர்டு மறந்து நிற்கும் முதல் இருபது நிமிடத்தை இது மிச்சப்படுத்தும். ஒரே டேப்லெட்டை இருவர் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் கணக்கில் ஏறும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. கணக்கே இல்லாமல் விருந்தினராகவும் நுழையலாம். அப்படி நுழைந்தால் முன்னேற்றம் எதுவும் ஆசிரியருக்குத் தெரியாது. "ரிப்போர்ட் காலியாக இருக்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி பாடத்தின் மொழி. தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளி ஏழாம் வகுப்பு வரை கிஸ்வாஹிலியில் நடக்கிறது. இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பில் காலடி வைத்த அன்றே எல்லாம் ஆங்கிலம். பிள்ளைகள் தடுமாறுவது அந்த வாசலில்தான். ஆனால் வரும் குழுக்கள் பலவும் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலச் சேனலைத் தொடக்கப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போகின்றன. தொடக்கப் பள்ளி என்றால் கிஸ்வாஹிலிக் கணக்குப் பாடங்களும் கதைகளும் முதலில். ஆங்கிலக் கதைகளை ஆறு, ஏழாம் வகுப்புக்கு மட்டும் தனியாக ஒதுக்கினால் அந்த வாசலைத் தாண்ட உதவும். திரையின் மொழியையும் கிஸ்வாஹிலிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பாடம் இருந்தால் மட்டும் ஆசிரியர் பயன்படுத்திவிட மாட்டார். அங்கே ஒவ்வொரு ஆசிரியரும் "அசிமியோ லா காசி" என்று ஒரு பருவ அட்டவணை வைத்திருப்பார்: எந்த வாரம் எந்தப் பாடம், எத்தனை வகுப்பு, எந்தத் துணைக்கருவி என்று. அதை ஒட்டித்தான் அன்றாடப் பாடக்குறிப்பும் எழுதுவார். பெட்டியில் இருக்கும் பாடம் அந்த அட்டவணையில் எந்த வாரத்தில் உட்காருகிறது என்று யாராவது ஆசிரியரோடு சேர்ந்து உட்கார்ந்து பொருத்திக் கொடுக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரு பருவம் பொருத்த இரண்டு பேர் நான்கைந்து முழு நாள் உட்கார வேண்டியிருக்கும். சலிப்பான வேலை. நிரல் எழுதத் தெரிந்த மாணவர்கள் இதைத் தங்கள் வேலையாக நினைப்பதில்லை. ஆனால் பத்து வாரத்தில் அவர்கள் செய்துவிட்டுப் போகக்கூடியவற்றில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. கொலிப்ரி ஸ்டுடியோ என்ற இணையதளத்தில் பல சேனல்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்து "நான்காம் வகுப்புக் கணக்கு, பருவம் 1" என்று சொந்தச் சேனலே கட்டலாம். டாலரும் மைலும் வரும் கணக்குகளை விட்டுவிட்டு, ஷில்லிங்கும் கிலோமீட்டரும் வரும் பயிற்சிகளை ஆசிரியரைக் கொண்டே எழுதிச் சேர்க்கலாம். அரசுப் பாடநூலின் பக்கங்களை ஏற்றும் முன் அதன் உரிமையாளரான தான்சானியக் கல்வி நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

கருவியை மட்டும் இறக்கிவைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாட்டின் அனுபவம் கண்முன் இருக்கிறது. பிள்ளைக்கொரு லேப்டாப் திட்டத்தில் அங்கே லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் கொடுத்தார்கள். இண்டர் அமெரிக்கன் டெவலப்மெண்ட் பேங்க் ஆய்வாளர்கள் கிராமப்புறத்தின் 319 தொடக்கப் பள்ளிகளை வைத்துச் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பாடங்களை இறக்குவதைப் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். 30 ஜிபி பாடத்தை நொடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள சிம் இணைப்பில் இறக்க, வேகம் ஒரு நிமிடம்கூடக் குறையாமல் ஓடினாலே 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். டேட்டா செலவு தனி. ஒரு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் சேனல்களை ஏற்றுமதி செய்து எடுத்துப் போனால், அங்கே எத்தனை பெட்டிக்கு வேண்டுமானாலும் அதிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது வன்பொருள். ராஸ்பெர்ரி பை 4, 4 ஜிபி நினைவகம், இந்த வேலைக்குத் தாராளம். 2019இல் வெளிவந்தபோது அந்த மாடலின் விலை 55 டாலர். அதற்குப் பிறகு ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. பை 5 வேகமானது. ஆனால் அதன் முழுத் தேவைக்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். அது கெட்டால் அந்தப் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்காது. பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் போதும். மாற்றுப் பாகம் கிடைக்கிற கருவியே நல்ல கருவி.

தடங்கல் பெரும்பாலும் மின்சாரத்திலிருந்தே வரும். கையில் கிடைத்த ஃபோன் சார்ஜரை மாட்டினால் மின்னழுத்தம் இறங்கும். திரை இணைத்திருந்தால் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். திரை இல்லாத பெட்டியில் யாருக்கும் தெரியாது. பெட்டி மந்தமாகும், அவ்வப்போது தானே அணைந்து எழும், ஒரு நாள் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்து ஃபைல்கள் சிதையும். கேபிள் மெலிதாகவும் நீளமாகவும் இருந்தாலும் இதே கதிதான். அதிகாரப்பூர்வ அடாப்டரையே வாங்குங்கள், இரண்டாக வாங்குங்கள். தான்சானியாவில் 230 வோல்ட். பிளக் பெரும்பாலும் மூன்று தட்டை முள் கொண்ட பிரிட்டிஷ் வகை. அதே வகை முள்ளுள்ள அடாப்டர் எடுத்துப் போனால் நடுவில் மாற்றுப் பிளக் வேண்டாம். தளர்ந்த மாற்றுப் பிளக்கும் மின்வெட்டு மாதிரிதான்.

அந்த ஊர் மின்வெட்டுக்கு இன்னொரு வடிவமும் உண்டு. வீடுகளிலும் பள்ளிகளிலும் "லூக்கு" என்ற முன்கட்டண மீட்டர் இருக்கும். ஃபோன் ரீசார்ஜ் போல யூனிட் வாங்கி எண்களை அடிக்க வேண்டும். தீர்ந்ததும் விளக்கு அணையும். பெட்டிக்கான யூனிட்டை யார் வாங்குவது என்பதைத் தலைமையாசிரியரோடு முதல் வாரமே பேசிவிட வேண்டும்.

ஆகவே பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பேட்டரி கட்டாயம். கணக்கு எளிது. பை 4 சராசரியாக 5 வாட், சிறு ரவுட்டர் 6 வாட். இரண்டும் சேர்ந்து 11. ஐந்து மணி நேரத்துக்கு 55 வாட் மணி. 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியில் பெயரளவில் 84 வாட் மணி இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும் என்பதால் 42தான் கிடைக்கும். போதாது. 18 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி 108. மின்னழுத்த மாற்றியில் போகும் இழப்பைக் கழித்தாலும் 90 கிடைக்கும். இதைச் சார்ஜ் செய்ய 50 வாட் சோலார் பலகை போதும். பேட்டரியை அங்கேயே வாங்குங்கள். விமானத்தில் கையோடு எடுத்துப் போகும் பவர் பேங்க்குக்கு 100 வாட் மணிதான் எல்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் என்றால் 74 வாட் மணி, தடையில்லை. ஆனால் வாங்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள்: சார்ஜ் ஏறிக்கொண்டே மின்சாரம் கொடுக்குமா, சுவர் மின்சாரம் போகும் நொடியில் ஒரு கணம் துண்டிக்குமா என்று. பல பவர் பேங்க்குகள் அந்த ஒரு கணத்தில் பையை அணைத்துவிடும்.

பெட்டிக்கான கணக்கைச் சரியாகப் போடும் குழுக்கள்கூட டேப்லெட்டை மறந்துவிடுகின்றன. 4,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியுள்ள டேப்லெட்டை முழுக்கச் சார்ஜ் செய்ய 15 வாட் மணி. முப்பது டேப்லெட்டுக்கு 450. சார்ஜரில் போகும் இழப்போடு 550. அதாவது பெட்டிக்குத் தேவையானதைப் போலப் பத்து மடங்கு. 50 வாட் பலகை இதில் கால்வாசிக்குத்தான் ஈடுகொடுக்கும்; 200 வாட்டாவது வேண்டும். பதினைந்து டேப்லெட் வாங்கி இரண்டு பிள்ளைக்கு ஒன்று கொடுப்பதே எங்கள் பரிந்துரை. மின்சாரம் பாதி, செலவு பாதி; ஒன்றை இருவர் பார்க்கும்போது பேசிப் பேசிக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு ஹெட்ஃபோன் துளையை இரண்டாகப் பிரிக்கும் சிறு கேபிள் பதினைந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் இல்லாமல் பதினைந்து வீடியோ ஒரே அறையில் ஓடினால் யாருக்கும் எதுவும் கேட்காது. முதலில் உடைவதும் ஹெட்ஃபோன்தான். பாதிக்குப் பாதி கூடுதலாக எடுத்துப் போங்கள்.

மெமரி கார்டில் சிக்கனம் வேண்டாம். 128 ஜிபி, அதிகம் எழுதித் தாங்கும் "ஹை எண்டூரன்ஸ்" வகை. சந்தையில் போலிக் கார்டுகள் ஏராளம். உறையில் 128 இருக்கும், உள்ளே 16தான் இருக்கும். எழுதும்போது ஒன்றும் தெரியாது, படிக்கும்போது பாதி வீடியோ திறக்காது. எஃப்3 என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். ஒரு இரவு ஆகும், ஆனாலும் செய்யுங்கள். எல்லாம் அமைத்து முடித்த கார்டின் அச்சு அசல் நகலாக இன்னொரு கார்டு எடுங்கள். பெட்டி கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் பெரும்பாலான சமயங்களில் கெட்டது கார்டு மட்டுமே. மாற்றிச் செருக அரை நிமிடம்.

பை 4இல் இன்னொரு குறை வெளியே தெரியாது: அதற்குள் கடிகாரம் இல்லை. இணையம் இருந்தால் நேரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் கடைசியாக அணைந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். தினம் மூன்று மணி நேரம் மட்டும் ஓடும் பெட்டி இரண்டு மாதத்தில் பல வாரங்கள் பின்தங்கிவிடும். ஆசிரியர் ரிப்போர்ட்டைத் திறந்தால் இன்று எழுதிய தேர்வில் போன மாதத் தேதி இருக்கும். அன்றோடு அவருக்கு அந்தத் திரைமேல் நம்பிக்கை போய்விடும். டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரச் சில்லு இதற்கு மருந்து. மலிவானது. பையின் முள்வரிசையில் 1, 3, 5, 9ஆம் முள்களில் இணைக்க வேண்டும்: மின்சாரம் 3.3 வோல்ட், இரண்டு தகவல் கம்பி, கிரவுண்ட் கம்பி. துவக்க அமைப்பு ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. கவனிக்க வேண்டியது அதிலுள்ள நாணய பேட்டரி. பெரிய பலகையாக வரும் சில வகைகளில் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும்; அதில் சார்ஜ் ஆகாத சாதாரண 2032 பேட்டரியைப் போட்டால் உப்பிவிடும். பை 5இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

தகரக் கூரைக்குக் கீழே மதியம் அடுப்பு மாதிரி இருக்கும். சில்லின் வெப்பம் 80 டிகிரியைத் தொட்டால் பை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி வைத்த உறை வேண்டாம். செம்மண் புழுதி சில மாதங்களில் விசிறியை நிறுத்திவிடும். சில்லைத் தொட்டுக்கொண்டு உறை முழுவதும் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய உறை நல்லது. உலோக உறை பையின் சொந்த வைஃபையைக் கொஞ்சம் மங்கச் செய்யும். ஆனால் அந்த வைஃபையை நம்பியிருக்கவே கூடாது. பத்துப் பதினைந்து கருவிகளைத் தாண்டினால் அது திணறும். நல்ல ரவுட்டர் ஒன்றை வாங்கி, பையை லேன் கேபிளில் அதோடு இணைத்து, பைக்கு மாறாத ஒரு முகவரியை ரவுட்டரில் ஒதுக்குங்கள். பையின் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வைஃபை பெயர் தெரிந்தால் பாதி வகுப்பு ஒன்றிலும் மீதி மற்றதிலும் போய் நிற்கும். தயார் இமேஜ் இல்லாமல் வெறும் கொலிப்ரியை லேப்டாப்பில் நிறுவுகிறவர்கள் முகவரிக்குப் பின்னால் 8080 என்ற எண்ணையும் சேர்க்க வேண்டும்.

இனி பிள்ளைகள் கையில் வரும் சிக்கல்கள். ஆண்ட்ராய்டு கருவி இந்த வைஃபையில் சேர்ந்ததும் "இணையம் இல்லை, இணைந்திருக்கவா?" என்று கேட்கும். "ஆம்" என்று ஒரு தடவை சொல்லாவிட்டால், சிம் உள்ள ஃபோன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பக்கம் திறக்கவில்லை என்று நிற்கும் ஆசிரியரின் ஃபோனை வாங்கிப் பார்த்தால் பத்தில் எட்டு முறை இதுதான் இருக்கும். பிரவுசர் தானாகப் பாதுகாப்பான இணைப்பைத் தேடி முகவரியின் முன்னால் உள்ள http என்பதை https ஆக்கிக்கொள்வது அடுத்தது. அப்போதும் பக்கம் திறக்காது. முகவரியைப் பெயராக இல்லாமல் எண்ணாகவே கொடுத்து, ஒவ்வொரு டேப்லெட்டிலும் முதல் திரையில் குறுக்குவழியாக வைத்துவிட்டால் இந்த இரண்டாவது சிக்கல் பெரும்பாலும் தீரும். பழைய, தானமாக வந்த டேப்லெட்டுகளைப் புறப்படும் முன்பே சோதியுங்கள். பிரவுசர் ரொம்பப் பழையதாக இருந்தால் வெள்ளைத் திரை மட்டும் வரும். ஃபெட் சோதனைகள் மலிவான டேப்லெட்டில் நத்தை மாதிரி நகரும். அவற்றை ஆசிரியர் லேப்டாப்பில் காட்டுவதே நல்லது.

அந்த லேப்டாப்புக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். அதிலும் கொலிப்ரியை நிறுவி, பள்ளியின் தரவை அதற்குள் இறக்கிக்கொண்டு வாரம் ஒரு முறை பெட்டியோடு ஒத்திசைத்தால், பிள்ளைகளின் கணக்கும் மதிப்பெண்ணும் இரண்டு இடத்தில் இருக்கும். பெட்டி கெட்டாலும் திருட்டுப் போனாலும் வருடம் முழுவதும் செய்த வேலை போகாது. எல்லாம் திரையிலேயே, நிர்வாகிப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துச் செய்யக்கூடியது. கொலிப்ரியின் மிகச் சிறந்த அம்சம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

மாற்றுப் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. விக்கிப்பீடியா மட்டும் போதும் என்றால் கிவிக்ஸ் எளிது. நிறுவப் பத்து நிமிடம், பிறகு பராமரிப்பே இல்லை. வேர்ல்ட் பாசிபிள் அமைப்பின் ரேச்சல் ஒரு நூலகம் போன்றது: படிக்க நிறைய உண்டு, இடைநிலைப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் பொருந்தும். இண்டர்நெட் இன் எ பாக்ஸ் இவை போன்ற பலவற்றையும் ஒரே ராஸ்பெர்ரி பையில் சேர்க்கும். மருத்துவ விக்கிப்பீடியாவும் வேண்டும் என்கிற சுகாதார நிலையங்களுக்கு ஏற்றது. ஆனால் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டுமானால் கொலிப்ரிதான்.

பயண நேரம் பற்றி. அமெரிக்கக் கல்லூரிகளின் கோடை விடுமுறை மே மாதத்தில் தொடங்கும். தான்சானியப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஜூனில் அரையாண்டு விடுமுறை. மே கடைசியில் வந்திறங்கும் குழு பூட்டிய பள்ளியைப் பார்க்கும். செப்டம்பரில் ஏழாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்பதால் ஆகஸ்டிலிருந்தே அந்த வகுப்பு ஆசிரியர்களிடம் புதிதாக எதையும் பேச முடியாது. ஜூனை ஆசிரியர் பயிற்சிக்கும் அட்டவணை பொருத்துவதற்கும் ஒதுக்கி, ஜூலையில் நான்கு, ஐந்தாம் வகுப்போடு தொடங்குவது சரிப்படும். சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வப் பணி செய்யக் கூடாது. அதற்குரிய அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். ரவுட்டரில் சிம் போடுவதானால் அது உள்ளூர்க்காரர் பெயரில் பதிவாகட்டும். மாணவர் பாஸ்போர்ட்டில் பதிவான சிம்மில் பிரச்சினை வந்தால் ஆளே ஊரில் இருக்க மாட்டார்.

பயிற்சி நேரத்தைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். கிஸ்வாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படும். காலை ஏழு மணிதான் "சா மோஜா", முதல் மணி. "சா தாத்து" என்றால் ஒன்பது. நம் நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்தே தொடங்கியது என்பதால் தமிழர்களுக்கு இது உடனே பிடிபடும். மற்றவர்கள் ஆங்கிலத்தில் மூன்று மணி என்று கேட்டுக்கொண்டு மதியம் வருவார்கள். ஆசிரியர்கள் காலை ஒன்பதிலிருந்து காத்திருப்பார்கள்.

பள்ளியில் இரண்டு ஆசிரியர்களுக்காவது பயிற்சி கொடுங்கள். அரசுப் பள்ளியில் இடமாற்றம் எப்போது வேண்டுமானாலும் வரும். ஒருவரே தெரிந்தவர் என்றால் அவரோடு பெட்டியின் அறிவும் பஸ் ஏறிவிடும். மூன்றாவதாக, பக்கத்துச் சந்தை ஊரில் ஃபோன் பழுது பார்க்கும் ஃபுண்டி. கைத்தொழில் தெரிந்தவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். சாலிடரிங் அவருக்குக் கைவந்த கலை, மின்னழுத்தம் அளக்க மீட்டர் இருக்கும், கடை எங்கேயும் போகாது. அரை நாள் கூலி கொடுத்து உட்காரவைத்து நான்கு வேலை காட்டுங்கள்: கார்டை மாற்றுவது, அடாப்டரை மீட்டர் வைத்துச் சோதிப்பது, கடிகாரச் சில்லின் பேட்டரியை மாற்றுவது, வெற்றுக் கார்டில் இமேஜ் எழுதுவது. நீங்கள் செய்துகாட்டினால் போதாது. அவர் கையால் இரண்டு தடவை செய்ய வேண்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

கடைசி இரண்டு வாரம் மாணவர்கள் பெட்டியைத் தொடவே கூடாது என்று விதி வைப்பது நல்லது. காலையில் போடுவது, மாலையில் முறைப்படி அணைப்பது, புதுப் பிள்ளையைச் சேர்ப்பது எல்லாம் ஆசிரியர்களே. வேண்டுமென்றே ஒரு நாள் வேறு கார்டைச் செருகி வையுங்கள், ஒரு நாள் லேன் கேபிளைப் பிடுங்கி வையுங்கள். அவர்களாகக் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். கண்டுபிடிக்காத ஒவ்வொன்றும் மூடியின் உட்பக்கம் ஒட்ட வேண்டிய தாளில் ஒரு வரியாகட்டும்.

அந்தத் தாள் கிஸ்வாஹிலியில், ஆசிரியர் கையெழுத்திலேயே இருக்கட்டும். எந்த விளக்கு எரிந்தால் சரி, எந்த முகவரி, அணைக்கும் முறை, லூக்கு யூனிட் வாங்க வேண்டியவர் பெயர், ஃபுண்டியின் ஃபோன் எண். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். அதைத் தலைமையாசிரியர் அலமாரியில் ஒரு உறைக்குள் வையுங்கள். நகல் கார்டும் அதே உறைக்குள். பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைத்தால், பெட்டி திருட்டுப் போகும் அன்று அதுவும் கூடவே போய்விடும்.